உலர் தீனியிலிருந்து பச்சை இறைச்சிக்கு: ஐந்து வயது லாப்ரடாரின் உணவை மாற்றுவது எப்படி?

நொய்யல்கரை:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் ஐந்து வயதுள்ள ஆண் லாப்ரடார் இருக்கிறான். கருப்பன் என்று பெயர். கருத்தடை அறுவை செய்யப்பட்டவன். இப்போது எடை 34 கிலோ. அதை 30 கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். குட்டியாக வந்தது முதல் கோழியும் அரிசியும் சேர்ந்த உலர் தீனியைத்தான் கொடுத்து வருகிறோம். எப்போதாவது கொஞ்சம் தயிர்ச்சோறு சாப்பிடுவான்.

கடந்த ஓராண்டாகக் காதுகளில் பழுப்பு நிற அழுக்கு சேர்கிறது. முன்கால் பாதங்களை இடைவிடாமல் நக்குகிறான். அடிவயிற்றுத் தோல் சிவந்து போகிறது. சொட்டு மருந்து விட்டால் அடங்குகிறது, நிறுத்திய சில வாரங்களில் மீண்டும் தொடங்குகிறது. காலை நடைக்கு வரும் நண்பர்கள் இருவர், உலர் தீனியை நிறுத்திவிட்டுப் பச்சை இறைச்சி கொடுத்தால் இவை எல்லாம் தீர்ந்துவிடும் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய நாய்களின் முடியும் பற்களும் பார்க்க நன்றாகவே இருப்பதால் நானும் மாற்றலாம் என்று எண்ணுகிறேன்.

தெருமுனைக் கறிக்கடையில் கோழிக் கழுத்தும் காலும் ஈரலும் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரே நாளில் மாற்றிவிடலாமா, சிறிது சிறிதாக மாற்ற வேண்டுமா? தீனியையும் பச்சை இறைச்சியையும் ஒரே வேளையில் கலந்தால் செரிக்காது என்கிறார்களே, அது உண்மையா? ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், அதில் எலும்பு எவ்வளவு இருக்கலாம்? கோடைக்காலத்தில் இறைச்சியை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 72 வயது, நெடுநாள் சர்க்கரை நோயாளி. தங்கையும் அவளுடைய ஒன்பது மாதக் குழந்தையும் இப்போது எங்களுடன்தான் இருக்கிறார்கள். குழந்தை தவழத் தொடங்கிவிட்டது. கருப்பனை விட்டு விலகுவதே இல்லை.

சிப்பிப்பாறை நேசன்:

வணக்கம் நண்பரே. நான் விருதுநகர் மாவட்டத்தில் இரண்டு சிப்பிப்பாறை நாய்கள் வளர்க்கிறேன். பல ஆண்டுகளாகப் பச்சை இறைச்சிதான் கொடுத்து வருகிறேன். இந்த முறையை விரும்பிப் பின்பற்றுகிறவன் என்பதால், தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கலப்பதைப் பற்றிய அச்சத்தை விட்டுவிடுங்கள். உலர் தீனியும் இறைச்சியும் வேறு வேறு வேகத்தில் செரிப்பதால் இரண்டையும் சேர்த்தால் வயிறு கெடும் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் ஒரே வேளையில் கையாளும் வயிறுதான் நாய்க்கு அமைந்திருக்கிறது. நாய் ஓநாயின் வழிவந்தது, ஆகவே இறைச்சி தவிர வேறெதுவும் ஆகாது என்ற வாதத்தையும் நான் ஏற்பதில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு நகல்களாக மட்டும் இருக்க, நாய்களிடம் நான்கிலிருந்து முப்பது வரை இருப்பதை ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள். கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் குடித்தே எங்கள் ஊர் வேட்டை நாய்கள் தலைமுறை தலைமுறையாக ஓடியிருக்கின்றன.

ஆனாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஐந்து ஆண்டுகள் ஒரே உணவைத் தின்ற குடல் அது. முதல் மூன்று நான்கு நாட்கள் தீனியில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் தோலும் கொழுப்பும் நீக்கிய கோழிச் சதையை மட்டும் கொடுங்கள். மலம் கட்டியாக இருந்தால் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு, பிறகு முக்கால் பங்கு என்று ஏற்றலாம். இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி, சரியாகும் வரை அங்கேயே நில்லுங்கள். இரண்டு மூன்று வாரங்கள் ஆகும்; அதற்கு மேல் ஆனாலும் தவறில்லை. தோலோடு கூடிய கோழியை முதல் நாளே வயிறு நிறையக் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. எடை கூடிய நாய்க்குத் திடீரென்று கொழுப்பு மிகுந்த உணவு போனால் கணைய அழற்சி வரக்கூடும். அது உயிரையே கேட்கும் நோய்.

சதை ஒத்துக்கொண்ட பிறகுதான் ஈரல். அதையும் நாளுக்கு ஒரு சிறு துண்டு என்று தொடங்குங்கள். பச்சை இறைச்சிக்காரர்களிடையே புழங்கும் கணக்கு, மொத்த உணவில் எண்பது பங்கு சதை, பத்துப் பங்கு எலும்பு, ஐந்து பங்கு ஈரல், மீதி ஐந்து பங்கு சிறுநீரகம், சுவரொட்டி போன்ற உறுப்புகள் என்பதாகும். ஈரலை ஐந்து பங்குக்கு மேல் ஏற்றாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. அதில் செறிந்திருக்கும் வைட்டமின் ஏ உடலில் சேர்ந்துகொண்டே போகும்; அளவு மீறினால் நாளடைவில் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று கறிக்கடை ஈரலை நாளும் அள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

எலும்பைக் கடைசியில் சேர்க்க வேண்டும். கோழிக் கழுத்து நல்ல தொடக்கம். ஆனால் லாப்ரடார் மெல்லாமல் விழுங்கும் இனம் என்பதால், முழுக் கழுத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கடையிலேயே இரண்டு மூன்று முறை கொத்தித் தரச் சொல்லுங்கள், அல்லது ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டே கடிக்கக் கொடுங்கள். மலம் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி போல வந்தால் எலும்பு மிகுந்துவிட்டது என்று பொருள். கறுத்து இளகி வந்தால் பெரும்பாலும் உறுப்பிறைச்சி மிகுந்திருக்கும். ஆட்டுத் தொடை எலும்பு, மாட்டு நல்லி எலும்பு போன்ற கெட்டி எலும்புகள் வேண்டவே வேண்டாம். மேல்தாடைக் கடைவாய்ப் பல் பிளந்துபோகும். வேகவைத்த எலும்பு எந்த வடிவிலும் வேண்டாம். வெந்ததும் அது நொறுங்கிக் கூர்முனைகளாகச் சிதறும்.

அளவைப் பொறுத்தவரை, இருக்க வேண்டிய எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு என்பது வழக்கமான கணக்கு. கருப்பனுக்கு 30 கிலோவைக் கொண்டு பார்த்தால் நாளுக்கு 600 கிராமிலிருந்து தொடங்கலாம். தண்ணீர் முன்னைவிடக் குறைவாகக் குடித்தால் பதற வேண்டாம். உலர் தீனியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்குத்தான் ஈரம் இருக்கிறது. இறைச்சியில் எழுபது பங்குக்கு மேல் நீர்தான்.

கோடையில் நான் செய்வது இது: வாங்கி வந்த உடனேயே ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து உறைபெட்டியில் வைத்துவிடுவேன். மறுநாளைக்கு உரியதை முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுவேன். சமையல் மேடையில் வைத்து உருக வைப்பதில்லை. தட்டில் வைத்து இருபது நிமிடத்திற்குள் தின்னாவிட்டால் எடுத்துவிடுவேன். நீண்ட மின்தடை ஏற்பட்டு இறைச்சி முழுவதும் இளகிவிட்டால் அதை மறுபடி உறைய வைத்து நாய்க்குக் கொடுப்பதில்லை.

இவ்வளவும் எழுதினாலும், உங்கள் கடைசிப் பத்தி என்னைத் தயங்க வைக்கிறது. என் வீட்டில் கைக்குழந்தை இல்லை. என் நாய்கள் தோட்டத்தில் தனியாக உண்கின்றன. மருத்துவர் யாராவது இதற்குப் பதில் சொல்வது நல்லது.

மாடக்குளம் கால்நடை மருத்துவர்:

மதுரையில் சிறு விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கிறேன். நேசன் அவர்கள் கொழுப்பு, ஈரல், எலும்பு பற்றிச் சொன்ன எச்சரிக்கைகள் அனைத்தும் சரியானவை. ஆயினும் இந்த வீட்டுக்குப் பச்சை இறைச்சி ஏற்றதல்ல என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் நோயைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் நீங்கள் உணவை மாற்ற நினைப்பதே நோய்க்காகத்தான்.

காது அழுக்கும் பாதம் நக்குவதும் அடிவயிறு சிவப்பதும் சேர்ந்து வந்தால் ஒவ்வாமையை ஐயப்படுவது முறைதான். ஆனால் ஒவ்வாமை என்றாலே உணவு ஒவ்வாமை ஆகிவிடாது. தூசிப்பூச்சி, மகரந்தம், உண்ணி, தெள்ளுப்பூச்சி ஆகியவற்றால் வருவதும் உண்டு. லாப்ரடார்களிடம் அதை நிறையவே பார்க்கிறோம். உணவுதான் காரணம் என்றே வைத்துக்கொண்டாலும், நாய்க்கு ஒவ்வாமை தருவது உணவிலுள்ள புரதம். அது உலர்ந்திருக்கிறதா பச்சையாக இருக்கிறதா என்பது முக்கியமில்லை. நாய்களின் உணவு ஒவ்வாமைக்குக் காரணமாகப் பதிவானவற்றில் மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி இறைச்சி ஆகிய மூன்றும் முன்வரிசையில் உள்ளன. கருப்பன் ஐந்து ஆண்டுகளாகத் தின்பது கோழித் தீனி, இடையிடையே தயிர். நீங்கள் மாற்றப் போவது கோழிக் கழுத்துக்கும் கோழி ஈரலுக்கும். கோழிதான் அவனுக்கு ஆகாதது என்றால், எவ்வளவு செலவும் உழைப்பும் செய்தாலும் காது அப்படியேதான் இருக்கும்.

அதனால் முதல் வேலையாகக் காது அழுக்கைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். மலசீசியா என்னும் ஈஸ்ட் பூஞ்சையா, பாக்டீரியாவா, சிற்றுண்ணியா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சொட்டு மருந்தை நிறுத்திய சில வாரங்களில் திரும்ப வருகிறது என்பதைப் பார்த்தால், அந்தத் தொற்று முழுவதும் நீங்காமலேயே மருந்து நின்றிருக்க வாய்ப்புண்டு. உண்ணித் தடுப்பு மருந்தை விடாமல் கொடுங்கள். அதன் பிறகு விலக்கு உணவுச் சோதனை. இதுவரை கருப்பன் தின்னாத ஒரே ஒரு புரதத்தையும் ஒரே ஒரு மாவுச்சத்தையும் மட்டும், குறைந்தது எட்டு வாரங்கள், வேறொன்றும் வாயில் படாமல் கொடுக்க வேண்டும். பிஸ்கட், தயிர்ச்சோறு, குழந்தை கீழே சிந்தும் உணவு, சுவையூட்டிய குடற்புழு மாத்திரை ஆகியவை கூடச் சோதனையைக் கெடுத்துவிடும். அரிப்பு குறைந்தால் பழைய தீனியைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரங்களுக்குள் அரிப்பு திரும்பினால்தான் உணவு என்பது உறுதியாகும். இந்தக் கடைசிப் படியைப் பெரும்பாலோர் செய்வதில்லை. நாய் நன்றாக இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். பருவம் மாறியதால் குறைந்த அரிப்பை உணவால் குறைந்தது என்று நம்பிவிடுவது இப்படித்தான் நேர்கிறது.

இனி உங்கள் வீட்டைப் பற்றி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை செல்லப்பிராணி உணவுகளைச் சோதித்தபோது, விற்பனைக்கு வரும் பச்சை இறைச்சி உணவு மாதிரிகள் 196இல் 15இல் சால்மோனெல்லா கிருமியும், 32இல் லிஸ்டீரியா கிருமியும் இருந்தன. அவை நாய், பூனைகளுக்கென்றே தயாரித்து உறையவைத்து விற்கப்பட்டவை. மனிதர்கள் நன்றாக வேகவைத்து உண்பார்கள் என்ற நம்பிக்கையில் வெட்டி விற்கப்படும் கறிக்கடைக் கோழி அதைவிடத் தூய்மையாக இருக்கும் என்று கருத இடமில்லை. உறையவைத்தால் புழுக்களின் இளம்பருவக் கட்டிகள் பலவும் சாகும்; பாக்டீரியா சாகாது, உறங்கும். இந்தக் கிருமிகளைத் தின்ற நாய் பெரும்பாலும் நோய் அறிகுறி எதுவும் காட்டாமல், சில நாட்கள் மலத்தில் அவற்றை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தன் பின்புறத்தை நக்கிய நாக்கால் குழந்தையின் கையை நக்கும். அந்தக் கை அடுத்த நொடி குழந்தையின் வாய்க்குப் போகும். நம் சமையலறையில் கோழியை வேகவைக்கும்போது அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது, பச்சையாகக் கொடுக்கும்போது அது வீடு முழுவதும் நீள்கிறது. கைக்குழந்தைக்கும் நெடுநாள் சர்க்கரை நோயாளிக்கும் சால்மோனெல்லா சாதாரண வயிற்றுப்போக்கோடு நிற்காமல் இரத்தத்தில் கலக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் ஊட்டச்சத்துக் குழுவும் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் பச்சை இறைச்சி உணவைப் பரிந்துரைக்காமல் இருப்பதற்கு இதுவே தலையாய காரணம்.

நாய்க்கும் இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. கோழியில் மலிந்திருக்கும் கேம்பைலோபாக்டர் கிருமிக்கும், நாயின் பின்கால்களில் தொடங்கி உடல் முழுதும் பரவும் ஒருவகை நரம்புவழிப் பக்கவாதத்துக்கும் தொடர்பு இருப்பதை மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அங்கே சந்தேகத்துக்கு உள்ளான உணவு, கோழிக் கழுத்து. நோய் அரிதானதுதான். ஆனாலும் அந்தப் பக்கவாதம் வந்த நாய் எழுந்து நடக்க வாரங்களோ மாதங்களோ ஆகும் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பச்சை இறைச்சியை விடப்போவதில்லை என்று முடிவு செய்திருப்பவர்களுக்கு, நேசன் அவர்களுக்கும் சேர்த்து, ஒரு வேண்டுகோள். ஆட்டின் ஈரல், நுரையீரல் போன்றவற்றில் நீர்க்கட்டி தென்பட்டால் அதை நாய்க்குப் போடவே கூடாது. அது எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம். நாய் அதைத் தின்றால் குடலில் புழு முதிர்ந்து முட்டையிடும்; அந்த முட்டை மனிதர் வயிற்றுக்குப் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாக வளர்ந்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். நம் நாட்டில் இது உள்ள நோய். பச்சை உறுப்பிறைச்சி தின்னும் நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டெல் என்னும் நாடாப்புழு மருந்தைக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ற வழக்கமான இடைவெளி அவற்றுக்குப் போதாது.

அகல்விளக்கு:

மருத்துவர் ஐயா சொன்னதை ஒட்டி ஒரு பாதையைச் சொல்கிறேன். பச்சையா தீனியா என்ற இரண்டே வழிகள் இருப்பதாக நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் மாமனார் படுக்கையில் இருப்பதால், நாய்க்கு இறைச்சியை வேகவைத்தே கொடுக்கிறோம். பச்சை உணவில் மக்கள் விரும்புகிற பல நன்மைகள், அதாவது ஈரப்பதம், சுவை, என்ன போடுகிறோம் என்று கண்ணால் காணும் நிறைவு ஆகிய யாவும் இதிலும் கிடைக்கின்றன. கிருமி மட்டும் இல்லை.

ஆனால் வீட்டு உணவுக்கு மாறுகிற எல்லோரும் மறக்கும் பொருள் கால்சியம். எலும்பில்லாத கோழிச் சதை 100 கிராமில் கால்சியம் 10 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது, பாஸ்பரஸ் 150 மில்லிகிராமைத் தாண்டும். நாயின் உணவிலோ கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்று மிகுதியாகவோ இருக்க வேண்டும். சோறும் கறியும் மட்டும் போட்டால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்து இரத்தத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். அதனால் இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும், எலும்பு மட்டும் உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கும். குட்டிகளுக்குச் சில வாரங்களிலேயே கால் வளைந்துவிடுகிறது. பெரிய நாய்களுக்கு மாதங்கள் ஆகும் என்பதால், மலிவான கறிச்சோறு தின்று நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும்.

30 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 1,400 கிலோகலோரி தேவை என்று கொண்டால், கால்சியம் 1.8 கிராம் அளவில் வேண்டும். கழுவிக் காயவைத்து வறுத்து மாவாக அரைத்த முட்டை ஓடு, மட்டமாக ஒரு தேக்கரண்டி எடுத்தால் அந்த அளவு கிடைத்துவிடும். கால்சியத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. துத்தநாகம், அயோடின், மாங்கனீசு, வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவை சதையிலும் சோற்றிலும் போதிய அளவு இருப்பதில்லை. எண்பது, பத்து, பத்து என்ற பச்சை இறைச்சிக் கணக்கிலும் இதே குறைகள் உண்டு. ஆகவே வீட்டு உணவையே நிரந்தரமாக்குவதானால், உங்கள் நாயின் எடையையும் நோயையும் பார்த்து ஒரு மருத்துவர் வகுத்த பட்டியலோடு தொடங்குங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை ஆகியவை சட்டியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழம்பிலிருந்து கழுவி எடுத்த கறித்துண்டும் வேண்டாம்.

நொய்யல்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோழியிலிருந்து கோழிக்கே மாற்றப் போகிறேன் என்பதை மருத்துவர் ஐயா எடுத்துச் சொன்ன பிறகுதான் உணர்ந்தேன். குழந்தை எங்களுடன் இருக்கும் வரை பச்சை இறைச்சி வேண்டாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். காது அழுக்குப் பரிசோதனைக்கும் நாள் குறித்திருக்கிறேன்.

விலக்கு உணவுக்கு மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கொடுக்கலாமா? கருப்பன் இதுவரை மீன் தின்றதே இல்லை. உக்கடம் சந்தையில் மத்தி மலிவாகக் கிடைக்கிறது. முள்ளை என்ன செய்வது, முட்டை ஓட்டுப் பொடியையும் சேர்க்கலாமா, அளவு எவ்வளவு, பழைய தீனியிலிருந்து எப்படி மாற்றுவது என்பதை மட்டும் சொன்னால் போதும். உணவை மாற்றும்போதே எடையையும் குறைக்க முடியுமா என்பதும் என் கேள்வி.

மாடக்குளம் கால்நடை மருத்துவர்:

மீன் நல்ல தேர்வு. அதற்கு முன்பாக ஒரு வேலை இருக்கிறது: இப்போதைய தீனிப் பையின் பின்புறத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். கோழித் தீனி என்று பெயர் இருந்தாலும் பலவற்றில் மீன் தூளோ மீன் எண்ணெயோ இருக்கும். மீன் தூள் இருந்தால் அது புதிய புரதம் ஆகாது. வேறொன்றைத் தேட வேண்டும். வாத்தோ முயலோ கிடைக்காவிட்டால், புரதத்தைச் சிறுதுண்டுகளாகப் பகுத்துத் தயாரித்த மருத்துவத் தீனி இருக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் சோதனைக்கு அதுவே எளிது.

மத்தியைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். பச்சை மத்தியில் தயமினேஸ் என்னும் நொதி இருக்கக்கூடும். நாள்தோறும் கொடுத்தால் அது வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். உறையவைத்தாலும் அது அழியாது, வேகவைத்தால் அழியும். தலையையும் குடலையும் நீக்கி, உப்பும் மஞ்சளும் போடாமல், குக்கரில் நீண்ட நேரம் வைத்து, நடுமுள்ளை விரலால் நசுக்கினால் மாவாகும் வரை வேகவிடுங்கள். அந்தப் பதம் வராத மீனின் முள்ளை எடுத்துவிடுங்கள். மத்தி கொழுப்புள்ள மீன், கருப்பன் எடை கூடியவன். எனவே மத்தியையே முழு உணவாக வைக்காமல், கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை மீன் ஒன்றை முக்கால் பங்கும் மத்தியைக் கால் பங்கும் வையுங்கள். மீன் இனங்கள் வேறாக இருந்தாலும் இந்தச் சோதனைக்கு அவற்றை ஒரே வகையாகக் கொள்ளலாம்.

முட்டை ஓடு இப்போது வேண்டாம். ஓட்டின் உட்சவ்வில் முட்டைப் புரதம் ஒட்டியிருக்கும். முட்டையும் ஒவ்வாமை தரும் பொருள். அதற்குப் பதிலாக, வைட்டமின் டி கலக்காத, இனிப்போ சுவையோ சேர்க்காத கால்சியம் கார்பனேட்டை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இனிப்பூட்டிய மாத்திரைகள் சிலவற்றில் சைலிடால் இருக்கும். அது நாய்க்கு நஞ்சு.

எடையைப் பொறுத்தவரை, 30 கிலோ நாய் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றல் நாளுக்கு ஏறத்தாழ 900 கிலோகலோரி. எடையைக் குறைக்க அந்த அளவிலிருந்துதான் தொடங்குவோம். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதலில் இப்போது தின்னும் அதே ஆற்றல் அளவில் புதிய உணவுக்கு மாறட்டும். மலமும் பசியும் நிலைபெற்ற பின் அளவைக் குறையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் சரியான வேகம். இரண்டு பங்கைத் தாண்டினால் சற்று ஏற்றுங்கள். எட்டு வாரச் சோதனைக்கு இந்த உணவு வளர்ந்த நாய்க்குப் போதும். அதற்கு மேல் நீட்டுவதானால் அகல்விளக்கு அம்மா சொன்ன குறைகளை நிரப்பாமல் நீட்டக் கூடாது.

சிப்பிப்பாறை நேசன்:

மாற்றும் முறையை நான் சொல்லிவிடுகிறேன், வேகவைத்த உணவுக்கும் அது பெரிதாக மாறாது. ஏழு முதல் பத்து நாட்களில் மாற்றிவிடலாம். பழைய தீனி கடைசியாக வாயில் பட்ட நாளுக்கு மறுநாளிலிருந்துதான் எட்டு வாரக் கணக்கைத் தொடங்குங்கள். கலந்து கொடுத்த நாட்களைச் சேர்க்காதீர்கள். உலர் தீனியைக் குறைக்கும் நாட்களில் காலையில் வெறும் வயிற்றில் மஞ்சளாக நுரை கக்கினால், இரவு உணவைச் சற்றுத் தள்ளிக் கொடுத்துப் பாருங்கள். அதோடு சோர்வோ வயிற்று வலியோ இருந்தால், அல்லது இரண்டு மூன்று முறைக்கு மேல் கக்கினால், காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மருத்துவர் ஐயாவுக்கு: ஆறு வாரக் குடற்புழு மருந்து பற்றிய தகவலுக்கு நன்றி. மூன்று மாத இடைவெளியைத்தான் எங்கள் பகுதியில் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். ஆட்டு உறுப்பு கொடுக்கிற நண்பர்களிடம் இதை இன்றே சொல்கிறேன். நீர்க்கட்டி உள்ள ஈரலைக் கடைக்காரர்கள் ஒதுக்கிக் கடைக்கு வெளியே எறிவதும், தெருநாய்கள் அதைத் தின்பதும் சந்தைப் பக்கம் வழக்கமாக நடக்கிறது. எறிவதற்குப் பதிலாக அதை எப்படி அழிக்கச் சொல்வது?

மாடக்குளம் கால்நடை மருத்துவர்:

நல்ல கேள்வி. எரிப்பது சிறந்தது. முடியாத இடத்தில் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்கலாம். இரண்டுக்கும் வழியில்லாத சிறு கடையில், பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைத்துவிட்டு எறிந்தால்கூடக் கட்டிக்குள் இருக்கும் உயிர் செத்துவிடும். கட்டியைக் கத்தியால் குத்தி உடைக்க வேண்டாம் என்று மட்டும் கடைக்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.